பி.எட்.டா, சிறப்புக் கல்வி பி.எட்.டா? பாளையங்கோட்டையில் சேர்வதற்கு முன்

உங்கள் அண்ணன் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள் என்றும், வள்ளியூரிலிருந்து போய்வரும் தொலைவில் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ நிர்வாகத்தின் கீழ் உள்ள ஒரு கல்வியியல் கல்லூரியில் அவளைச் சேர்க்க விரும்புகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான பி.எட். எடுப்பதா, சிறப்புக் கல்வியில் பி.எட். எடுப்பதா என்பது உங்கள் முதல் கேள்வி. சிறப்புக் கல்வியில் போட்டி குறைவு, சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னது உண்மையா என்பது இரண்டாவது. இந்துக் குடும்பத்துப் பெண் அங்கே படிப்பதில் இடைஞ்சல் ஏதும் வருமா என்பது மூன்றாவது. கல்வியியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறையைப் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கான விடை சிறியது. அதை முதலில் முடித்துவிடலாம். அரசு உதவிபெறும் எந்தக் கல்வி நிறுவனமும் மதத்தை மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறது. மாணவரின் சம்மதம் இல்லாமல் அவரை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறையில் இக்கல்லூரிகளின் வகுப்பறைகளில் எல்லாச் சமயத்துப் பெண்களும் உட்கார்ந்து படிக்கிறார்கள். காலையில் ஒரு ஜெபம் இருக்கும், டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா இருக்கும், அவ்வளவுதான். உங்கள் பெண்ணுக்குச் சிரமம் என்று ஏதாவது வந்தால் அது விடுதியில் வாயிற்கதவை மூடும் நேரத்தால் வரலாம், சமயத்தால் வராது. கன்னியர் நடத்தும் விடுதிகளில் கடிகாரம் கொஞ்சம் கண்டிப்பானது.

இனி முதல் கேள்வி. இவை இரண்டும் ஒரே படிப்பின் இரண்டு பிரிவுகள் என்றுதான் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இவை இரண்டு தொழில்கள். வழக்கமான பி.எட். படிப்பை நெறிப்படுத்துவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதற்கான சட்டம் 1993ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிறப்புக் கல்வியை நெறிப்படுத்துவது இந்திய மறுவாழ்வுக் குழுமம். அதன் சட்டம் 1992ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பட்டத்தை இரண்டுக்கும் பல்கலைக்கழகம்தான் வழங்குகிறது. ஆனால் சிறப்புக் கல்வி முடித்தவர் அக்குழுமத்தின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்து, பதிவெண் பெற்ற பிறகுதான் அத்தொழிலைச் செய்யலாம். பதிவில்லாமல் செய்வதைச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது. அந்தப் பதிவையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு மதிப்புப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். வழக்கமான பி.எட். படித்தவருக்கு இப்படி எதுவும் இல்லை. மருத்துவர், வழக்கறிஞர் போலப் பதிவெண்ணோடு வேலை செய்யும் ஆசிரியர் நம் நாட்டில் இவர் ஒருவர்தான் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர் என்றுதான் பொருள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பவரைச் 'சிறப்புப் பயிற்றுநர்' என்றோ 'சிறப்புக் கல்வி ஆசிரியர்' என்றோ குறிப்பிடுவார்கள். பணி அறிவிக்கையைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாமல் விண்ணப்பித்துப் பணத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறப்புக் கல்வியில் பி.எட். என்று பொதுவாகச் சேர முடியாது என்பது அடுத்த செய்தி. செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றில் ஒன்றைச் சேரும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கல்லூரிக்கு இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே அனுமதி இருக்கலாம். அந்த அனுமதிக்கும் காலவரம்பு உண்டு. ஆகவே கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மறுவாழ்வுக் குழுமத்தின் இணையதளத்தில் வெளியாகும் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரும், எந்தப் பிரிவுக்கு, எந்தக் கல்வியாண்டு வரை அனுமதி என்பதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதை நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும்; அலுவலகத்தில் 'எல்லாம் இருக்குங்க' என்று சொல்வதை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழக்கமான பி.எட். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பு. முன்பு ஓராண்டில் முடிந்தது. நீதியரசர் வர்மா தலைமையிலான ஆணையம் 2012இல் அளித்த பரிந்துரைகளுக்குப் பின் வந்த 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை இரண்டாண்டாக்கின. அப்போது எங்கள் கல்லூரி ஆசிரியர்களிலேயே பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த மாற்றத்தால் கிடைத்த பெரிய ஆதாயம் பள்ளியில் கழிக்கும் காலம் நீண்டதுதான்: மொத்தம் 20 வாரங்கள், அதில் இரண்டாம் ஆண்டில் மட்டும் தொடர்ச்சியாக 16 வாரங்கள். முன்பு மாணவ ஆசிரியர் பள்ளிக்குள் நுழைந்து, குழந்தைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வதற்குள் 'கமிஷன்' வந்துவிடும். வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார, சார்ட்டைச் சுவரில் மாட்டி, மனப்பாடம் செய்த பாடத்தை நடத்தி முடித்ததோடு பயிற்சியும் முடிந்துவிடும். இப்போது ஒரு பருவம் முழுவதும் ஒரே வகுப்போடு இருந்து, தான் நடத்திய பாடத்திலிருந்து தானே தேர்வு வைத்து, தன் தவறைத் தானே விடைத்தாளில் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

வழக்கமான பி.எட். பாடத்திட்டத்திலும், மாற்றுத்திறன் குழந்தைகள் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து படிக்கும் 'உள்ளடங்கிய பள்ளி'யை உருவாக்குவது பற்றி ஒரு தாள் உண்டு. குறைபாடுகளின் வகைகளும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளும் அதில் வரும். அது நல்லதுதான், ஆனால் அந்தத் தாளைப் படித்தவர் சிறப்புப் பயிற்றுநர் ஆகிவிட மாட்டார். நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் தாமிரபரணியில் இறங்கினால் என்ன ஆவாரோ அதுதான்.

சிறப்புக் கல்வியில் என்னதான் கற்றுத் தருகிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு வகுப்பைச் சொல்கிறேன். செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பள்ளி ஒன்றில், ஐப்பசி மாத மழை நாளில், எட்டுக் குழந்தைகள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சிக்கு வந்த பெண் நன்றாகத் தயாரித்து வந்திருந்தார். படங்கள் அழகு, சைகையும் தெளிவு. ஆனால் அவர் நின்றது ஜன்னலுக்கு முன்னால். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் அவர் முகம் நிழலாகிவிட்டது. குழந்தைகளுக்கு உதடும் தெரியவில்லை, முகபாவமும் தெரியவில்லை. போதாததற்கு, கரும்பலகையில் எழுதிக்கொண்டே, பலகையைப் பார்த்தபடியே பேசினார். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பையன் பக்கத்துப் பையனின் சட்டைப் பொத்தானை எண்ணத் தொடங்கினான். மேற்பார்வை ஆசிரியை குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினார்: 'நீங்கள் பலகைக்குப் பாடம் நடத்தினீர்கள், நாளை பிள்ளைகளுக்கு நடத்துங்கள்.' மறுநாள் அந்தப் பெண் எழுதி முடித்து, திரும்பி நின்று, எல்லாருடைய பார்வையும் தன்மேல் வரும்வரை காத்திருந்து, அதன் பிறகே பேசினார். அதே பாடம், அதே படங்கள். வகுப்பு மட்டும் வேறாக இருந்தது. எங்கே நிற்பது, எப்போது வாய் திறப்பது என்பதிலிருந்தே தொடங்கும் படிப்பு இது. அதற்கு மேல் சைகை மொழி, செவித்துணைக் கருவியைச் சோதித்தல், எஞ்சிய கேள்திறனைப் பயன்படுத்தப் பழக்குதல், பேச்சுப் பயிற்சி என்று விரியும். காக்ளியர் கருவி, அதாவது அறுவைச் சிகிச்சை மூலம் உட்செவியில் வைக்கும் கேட்புக் கருவி, சிறு வயதிலேயே பொருத்தப்பட்ட குழந்தைகள் இப்போது சாதாரணப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஆகவே இந்தப் பயிற்சி பெற்றவருக்கு வேலையிடம் சிறப்புப் பள்ளி மட்டும்தான் என்ற நிலை மாறிவருகிறது.

பார்வைத்திறன் பிரிவில் பிரெய்ல் தெரியாமல் ஒரு நாளும் நகராது. ஆறு புள்ளிகளின் சேர்க்கையில் தமிழ் எழுத்து முழுவதும் அடங்குகிறது. ஸ்லேட் என்ற துளைச் சட்டமும் ஸ்டைலஸ் என்ற குத்தூசியும் கொண்டு எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாக விரல் படிக்கும். கண்ணுள்ள பயிற்சி மாணவர்கள் முதல் வாரத்தில் 'அ' எழுதவே தடுமாறுவதையும், பக்கத்தில் இருக்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி அதைத் தடவிப் பார்த்துச் சிரிப்பதையும் கண்டிருக்கிறேன். உங்கள் பெண் கணிதம் படித்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன்: பார்வையற்ற குழந்தைக்கு வடிவியலையும் வரைபடத்தையும் தொட்டுணரும்படி கற்பிக்கத் தெரிந்த கணித ஆசிரியர்கள் மிகக் குறைவு. அதனாலேயே பல குழந்தைகள் உயர்நிலைக்கு வரும்போது கணிதத்தைக் கைவிடுகிறார்கள்.

அறிவுசார் குறைபாட்டுப் பிரிவின் அடிப்படை வேறு. அங்கே பாடநூல் இரண்டாம் இடம், குழந்தைதான் முதல். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும். சென்னையில் 1970களில் உருவாக்கப்பட்ட மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை என்ற மதிப்பீட்டுக் கருவியில் 18 துறைகளில் துறைக்கு 20 வீதம் 360 கூறுகள் உள்ளன. குழந்தை எதைத் தானே செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று அதில் ஒவ்வொன்றாகக் குறித்த பிறகே எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்வார்கள். பல் துலக்குவதை நாம் ஒரு செயல் என்கிறோம். அங்கே பற்பசைக் குழாயின் மூடியைத் திருகுவதிலிருந்து வாய் கொப்பளிப்பது வரை பல படிகளாகப் பிரித்து, ஒரு படியில் ஒரு வாரம்கூட நிற்பார்கள். ஒரு பையன் பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து மிட்டாய் வாங்கி மீதிக் காசுக்குக் கையை நீட்டிய நாளில், அவனுடைய பயிற்சி ஆசிரியை மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டு எல்லாரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு இப்படி ஒரு நாள் வந்தால் போதும் என்று இருப்பவர்தான் இந்தப் பிரிவில் நிலைக்க முடியும். வாரந்தோறும் மதிப்பெண் பட்டியலில் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் சோர்ந்துபோவார்.

இதையெல்லாம் கற்க பாளையங்கோட்டை ஏன் நல்ல இடம் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 'தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு' என்று மேடைதோறும் சொல்லிச் சொல்லி அந்தத் தொடர் தேய்ந்துவிட்டது, அதை விட்டுவிடுவோம். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1820இல் இங்கே வந்ததிலிருந்து திருச்சபைப் பள்ளிகள் கிராமம் கிராமமாகப் பெருகின. அவற்றுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டதால் பயிற்சிக் கூடங்கள் தோன்றின. இந்தியாவுக்கே வந்திராத சாராள் டக்கர் அம்மையாரின் பெயரில் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலேயே அமைந்தது. 1895இல் அவர் பெயரிலேயே பெண்கள் கல்லூரியும் உருவானது. ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். நாட்டிலேயே இவ்வகையில் மிகப் பழைய பள்ளிகளுள் அதுவும் ஒன்று. இன்றைய வடிவிலான கல்வியியல் கல்லூரிகள் அவற்றுக்கு மிகவும் பிந்தியவை. இயேசு சபையினரின் தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950இலும், கன்னியர் நடத்தும் தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி பெண்களுக்காக 1957இலும் தொடங்கின. இந்தக் கால வரிசையைக் கவனியுங்கள். இங்கே சிறப்புப் பள்ளிகள் முதலில் வந்தன, கல்லூரிகள் பிறகு வந்தன. பல ஊர்களில் கல்லூரியைத் தொடங்கிவிட்டுப் பயிற்சிக்குக் குழந்தைகளைத் தேடுகிறார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளோடு வாழ்ந்த பள்ளிகள் நகரப் பேருந்து போகும் தொலைவில் இருக்கின்றன.

ஒரு கல்லூரியை எப்படி மதிப்பிடுவது என்பதற்கும் இதுவே அளவுகோல். கட்டடத்தையும் நூலகத்தையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு முன் கேட்க வேண்டியது, 'பயிற்சி எந்தப் பள்ளியில், எத்தனை நாள், கல்லூரி ஆசிரியர் எத்தனை முறை வந்து வகுப்பில் உட்காருவார்' என்பது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரிக்கு நான் ஒருமுறை தேர்வாளராகப் போனேன். பத்து மாணவர்களின் பாடக் குறிப்பேடுகளில் ஒரே எழுத்துப் பிழை ஒரே இடத்தில் இருந்தது. வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்துகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டவை. அப்படிப் பட்டம் வாங்கியவர் வகுப்பறைக்குள் போனால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பட்டம் கொடுத்த இடத்தின் பெயர் அப்போது அவருக்கு உதவாது. முன்னாள் மாணவிகள் இருவரைப் பிடித்து அவர்களுடைய குறிப்பேடுகளை வாங்கிப் பாருங்கள். சிவப்பு மையில் திருத்தம் நிறைய இருந்தால் அந்தக் கல்லூரி நல்ல கல்லூரி.

இனி வேலை. வழக்கமான பி.எட். முடித்தவர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். தகுதித் தேர்வில் வென்றாலே வேலை என்ற காலம் போய்விட்டது. உங்கள் பெண் எம்.எஸ்சி.யும் முடித்தால் முதுநிலை ஆசிரியர் பணிக்கும் வழி உண்டு. கணிதத்துக்குத் தனியார் பள்ளிகளில் எப்போதும் இடம் இருக்கும். சம்பளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வள்ளியூரில் நீங்களே அறிவீர்கள்.

சிறப்புக் கல்வியில் போட்டி குறைவு என்று உங்கள் உறவினர் சொன்னது பாதி சரி. படித்தவர்கள் குறைவு, தேவை அதிகம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2025 மார்ச்சில், மாநிலங்கள் இதற்கான பணியிடங்களை உருவாக்கி அறிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. காகிதத்தில் இது பெரிய வாசல். ஆனால் தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களில் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர்கள் நீண்ட காலமாகத் தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு, பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வேலையும் ஒரே பள்ளியில் உட்கார்ந்து செய்வதல்ல. திங்கட்கிழமை ஒரு பள்ளி, செவ்வாய்க்கிழமை வேறொன்று, பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி என்று வட்டாரம் முழுவதும் அலைய வேண்டும். நாங்குநேரி வட்டாரத்தின் கிராமங்களுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிவதும் இந்தப் பணிக்கு ஒரு தகுதிதான். உதவிபெறும் சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், நகரங்களில் பெருகியுள்ள ஆட்டிசம் பயிற்சி மையங்கள் ஆகியவை வேறு வாய்ப்புகள். ஆகவே 'வேலை சீக்கிரம் கிடைக்கும்' என்பது உண்மையாகலாம். 'அரசு வேலை சீக்கிரம் கிடைக்கும்' என்பதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

சிறப்புக் கல்வி பி.எட். வைத்துக்கொண்டு பிறகு வழக்கமான பட்டதாரி ஆசிரியர் பணிக்கும் போகலாமா என்ற கேள்வி உங்கள் மனத்தில் கட்டாயம் இருக்கும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பதற்கான தகுதிகளுள் ஒன்றாகச் சிறப்புக் கல்வி பி.எட்.டையும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010ஆம் ஆண்டு அறிவிக்கையில் சேர்த்திருக்கிறது. எனினும் ஒவ்வொரு பணி அறிவிக்கையும் தனக்கென நிபந்தனைகள் வைக்கும். அந்த வரிகளைப் படிக்காமல் ஊகத்தில் இருக்கக் கூடாது. வழக்கமான பி.எட். படித்தவர் மறுவாழ்வுப் பதிவேட்டில் இடம்பெற முடியாது என்பதில் மட்டும் ஐயம் இல்லை. வழக்கமான பி.எட்.டை முடித்துவிட்டு, ஓரிரு ஆண்டு கற்பித்த பிறகு சிறப்புக் கல்விக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வகுப்பை நடத்திப் பார்த்த கையோடு வருவதால் நன்றாகவே கற்கிறார்கள். வீட்டில் இன்னும் இரண்டாண்டு பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் பிரச்சினை.

என் கருத்தைக் கேட்டால், எது லாபம் என்று பார்த்து உங்கள் அண்ணன் மகளைச் சிறப்புக் கல்வியில் சேர்க்காதீர்கள். அது தெரியாது என்ற அச்சத்தில் ஒதுக்கவும் செய்யாதீர்கள். இதில் உங்களைவிடவும் என்னைவிடவும் அவள் கருத்தே பெரிது; உங்கள் கடிதத்தில் அது மட்டும்தான் இல்லை. பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து, தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, பாளையங்கோட்டையிலேயே ஒரு சிறப்புப் பள்ளியில் காலை முதல் மாலை வரை அவளை உட்காரச் சொல்லுங்கள். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் அவளுக்கு நாட்டம் இருந்தால், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்துக்கும் ஒரு நாள் போய்வரலாம். நீங்கள் கூடவே உட்கார வேண்டாம், வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாலையில் பேருந்தில் திரும்பும்போது அவள் குழந்தைகளின் பெயர்களைச் சொல்லிப் பேசினால் சிறப்புக் கல்விக்கான விண்ணப்பத்தை வாங்குங்கள். 'பாவம்' என்று மட்டும் சொன்னால் கணித ஆசிரியையாகவே போகட்டும், அதுவும் குறைந்த வேலை இல்லை. இரண்டுக்குமே பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். அவற்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.